தண்டவாளத்துக்கு அப்பால் ஒரு லாஸ் வேகாஸ்

நேயர்களுக்கு வணக்கம். லாஸ் வேகாஸ் என்றதும் சூதாட்ட மேசைகளும் வண்ண விளக்குகளும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால், அந்த விடுதிகளில் படுக்கை விரித்தும் பாத்திரம் தேய்த்தும் பிழைத்தவர்களே அந்நகரத்தை மனிதர் வாழத்தக்க ஊராக்கினார்கள் என்பது என் நெடுநாளைய கருத்து.

1940இல் நெவாடா பாலைவனத்து அந்த ஊரில் ஏறத்தாழ 8,400 பேரே வாழ்ந்தனர். மறு ஆண்டு, போருக்குத் தேவையான மக்னீசியம் ஆலையின் கட்டுமானம், இன்று ஹென்டர்சன் எனப்படும் இடத்தில் தொடங்கியது. ஆர்கன்சாவின் ஃபோர்டைஸ், லூசியானாவின் டல்லூலா முதலிய சிற்றூர்களிலிருந்து கறுப்பின மக்கள் வேலை தேடி வந்தனர். முன்னே போனவர் சேதி சொல்ல, உறவினர் ஒருவர்பின் ஒருவராகக் கிளம்பினர். வளைகுடாவுக்கு ஆளனுப்பிய நம் வீடுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வந்தவர்களுக்குக் கிடைத்த இடம், இரயில் தண்டவாளத்துக்கு அப்பாலிருந்த வெஸ்ட்சைடு. அங்கே சாலைகள் புழுதியாகவே கிடந்தன. அந்த வெயிலில் பலர் கூடாரங்களிலும் பலகைக் குடிசைகளிலும் குடியிருந்தனர். விடுதி மேடையில் பாடிய புகழ்பெற்ற கறுப்பினப் பாடகர்கள்கூட, அதே விடுதியில் அறை மறுக்கப்பட்டு, இரவில் வெஸ்ட்சைடு வீடுகளில் வந்து தங்கினார்கள். 1960 மார்ச்சில், பல் மருத்துவர் ஜேம்ஸ் மெக்மில்லன் தலைமையில் ஊர்வலம் நடக்கும் என்று அறிவிப்பு வந்த பிறகே விடுதிகள் கதவைத் திறக்க இசைந்தன.

நான் எங்கே பேசினாலும் ரூபி டங்கனிடம் வந்து நின்றுவிடுவேன், இன்றும் அப்படித்தான். டல்லூலாவில் பிறந்து, பருத்திக்காட்டில் வளர்ந்து, 1952இல் லாஸ் வேகாஸ் வந்தவர் அவர். ஏழு பிள்ளைகளின் தாய். விடுதிச் சமையலறையில் வழுக்கி விழுந்து அடிபட்டதால், அரசு உதவித்தொகையை நம்பி வாழ நேர்ந்தது. 1971 தொடக்கத்தில் நெவாடா அரசு ஏராளமான தாய்மாரின் தொகையை நிறுத்தியது அல்லது குறைத்தது. மார்ச் 6ஆம் நாள் ரூபியும் அவருடைய தோழியரும், ஆயிரத்துக்கும் மேற்பட்டோருடன், பெருவிடுதிகள் நிறைந்த ஸ்ட்ரிப் சாலையில் நடந்து சீசர்ஸ் பேலஸ் விடுதிக்குள்ளேயே நுழைந்தார்கள். சூதாட்டம் நின்றது. கவனியுங்கள், அன்று அவர்கள் சட்டமன்றத்துக்குப் போகவில்லை. ஊரின் வருமானம் எங்கே பிறக்கிறதோ அங்கே போனார்கள், ஏனெனில் அந்த வருமானத்தில் தங்கள் உழைப்பும் இருந்ததை அவர்கள் அறிந்திருந்தார்கள். அதே மாதத்தில் கூட்டாட்சி நீதிமன்றம் உதவித்தொகையைத் திரும்ப வழங்கச் சொன்னது.

அதோடு அவர்கள் வீடு திரும்பிவிடவில்லை. 1972இல் ‘ஆபரேஷன் லைஃப்’ என்ற அமைப்பைத் தொடங்கி, ஜாக்சன் தெருவில் கைவிடப்பட்ட விடுதி ஒன்றைப் பிடித்து, பிள்ளைகளுக்கான மருத்துவப் பரிசோதனை நிலையத்தையும் நூலகத்தையும் அந்தத் தாய்மாரே நடத்தினார்கள்.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். ஹாட்டி கேன்டியைச் சுருக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அலபாமாவிலிருந்து 1961இல் வந்து, கணவரை இழந்த பின் விடுதியில் அறை துப்புரவு வேலை செய்த அவர், 1990இல் சமையல் மற்றும் விடுதித் தொழிலாளர் சங்கத்தின் தலைவரானார். அவர் காலத்தில், ஃபிரன்டியர் விடுதியில் 1991 செப்டம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தம் 1998 பிப்ரவரி வரை நீடித்தது. சுமார் 550 பேரில் ஒருவர்கூட மறியலைத் தாண்டி வேலைக்குத் திரும்பவில்லை. நன்றி, வணக்கம்.