8 நாள் கணக்கும் 320 ரூபாயும்

வணக்கம் உறவுகளே. கேரட் தோட்டம் காட்டுகிறேன் என்று போன வீடியோவில் சொல்லியிருந்தேன். அது அடுத்த கிழமை. இப்போதுதான் ஹட்டனில் இருந்து வந்து சேர்ந்தேன், மனசு முழுக்க வேறொரு விஷயம் ஓடுகிறது. பின்னால் கேட்கும் சத்தம் தகரத்தில் விழும் மழை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மகனுக்காக ஒரு பெற்றோர் கூட்டத்துக்குப் போனோம். பேச வந்தவர் திரையில் ஒரு வரி போட்டார். அமெரிக்காவில் தனியார் நடத்தும் பாடசாலைகளில் பிள்ளைகள் வருடத்துக்கு 8 நாள் கூடுதலாகக் கற்கிறார்களாம், ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி சொல்கிறதாம். அக்கா என் காதில், "அப்படியென்றால் 8 நாள் கூட கிளாஸ் வைக்கிறார்களாடி?" என்று கேட்டார். அவ்வளவு நல்ல கேள்வியை அவர் சத்தமாகக் கேட்கவில்லை. "ஆராய்ச்சி" என்ற சொல் விழுந்ததும் மண்டபமே வாயை மூடிக்கொண்டது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

இரவு முழுக்கத் தேடினேன். ஆராய்ச்சி உண்மையில் இருக்கிறது. ஸ்டான்போர்டில் உள்ள க்ரெடோ என்ற மையம் 2013இல் வெளியிட்டது. சார்ட்டர் பாடசாலைகள் பற்றியது, அதாவது அரசு பணம் கொடுக்கும், நடத்துவது வேறு ஆட்கள். ஆனால் அதே வருடம் அந்த அறிக்கையை வெளியாட்கள் உட்கார்ந்து பரிசோதித்திருக்கிறார்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தில் தேசிய கல்விக் கொள்கை மையம் என்று ஒன்று. போல்டர் என்ற ஊர், நம்மைப் போல அதுவும் மலையை ஒட்டிய ஊர்தான். கல்வி பற்றி யாராவது அறிக்கை விட்டால், துறை தெரிந்த ஆய்வாளர்களிடம் கொடுத்து, தரவு சரியா, முறை சரியா, முடிவு அந்தத் தரவில் இருந்துதான் வருகிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். இந்த வேலை 2006இல் தொடங்கியது, மையம் இந்தப் பெயரில் 2010இல் இருந்து இருக்கிறது. பல்கலைக்கழக சஞ்சிகை என்றால் அச்சாகும் முன்பே மற்றவர்கள் பரிசோதிப்பார்கள். அமைப்புகள் தாமே போடும் அறிக்கைக்கு அந்தச் சல்லடை கிடையாது, காலையில் வெளியாகும், மாலையில் செய்தியாகிவிடும். அதனால் இவர்கள் பின்னாலேயே போய்ச் சலிக்கிறார்கள்.

அவர்கள் எழுதிய பரிசோதனையைத் தாளில் வாசிக்க வேண்டும் என்று டவுனுக்குப் போனேன். முதல் கொமினிகேசன் கடையில் போனில் இருந்து பிரின்ட் என்றால் பக்கம் 40 ரூபா என்றார்கள். 40! எனக்கு வேண்டியது 16 பக்கம், 640 ரூபா. திரும்பி நடந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு மேலே படி ஏறிப் போனால் ஒரு சின்னக் கடை, அங்கே பக்கம் 20. 320 ரூபாயில் முடிந்தது. மழையில் நனையாமல் இருக்க அந்தத் தம்பி தாளைப் பழைய எக்ஸ்ரே கவரில் போட்டுத் தந்தார். இந்தக் கடையை எல்லாருக்கும் சொல்லுங்கள்.

சரி, அந்த 8 நாள். பரிசோதித்தவர்கள் சொல்வது: பிள்ளைக்குப் பிள்ளை மதிப்பெண்ணில் இருக்கும் வித்தியாசத்தில், சார்ட்டரில் படித்ததால் வந்தது நூற்றில் ஒரு பங்கின் நூறில் ஒரு பங்குகூட இல்லை. பத்தாயிரம் கொழுந்தில் ஒரு கொழுந்து! அந்தத் துளியை "நாட்கள்" என்று மாற்றிச் சொன்னதும் பெரிதாகத் தெரிகிறது. மாற்றிய விதத்துக்குப் போதிய நியாயம் காட்டவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். அக்கா கேட்டதுதான் கேள்வி. அந்த 8 நாள் மதிப்பெண்ணில் இருந்து போட்ட கணக்கு, கூடுதலாக வைத்த கிளாஸ் இல்லை.

ஐயோ, சொல்ல மறந்துவிட்டேன். அந்த 8 நாள் வாசிப்புக்கு மட்டும். கணிதத்தில் வித்தியாசமே இல்லை என்று க்ரெடோ அறிக்கையே சொல்கிறது. திரையில் அது வரவில்லை.

இன்னொன்று எனக்கு நெஞ்சில் பட்டது. க்ரெடோ ஆட்கள் சார்ட்டர் பிள்ளை ஒவ்வொருவருக்கும் அரசுப் பாடசாலைகளில் இருந்து ஒத்த பிள்ளைகளை, ஏழு பேர் வரை, சேர்த்து தாளில் மட்டும் இருக்கும் ஒரு இரட்டைப் பிள்ளையை உருவாக்கி ஒப்பிடுகிறார்கள். வகுப்பு, வறுமை, பழைய மதிப்பெண் எல்லாம் பொருந்தும். ஆனால் பாடசாலையைத் தேடிப் போன பெற்றோரின் மனசு எந்தத் தரவில் இருக்கிறது? நம் தேயிலைத் தோட்டத்து லயத்தையே பாருங்கள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டு ஒன்றுதான், ஒரே சம்பளம், பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரு அம்மா நகையை அடகு வைத்து, விடியற்காலை பஸ்ஸில் மகளை டவுன் பாடசாலைக்கு அனுப்புகிறார். மற்ற அம்மாவுக்கு வீட்டில் படுக்கையில் மாமியார், அனுப்ப முடியவில்லை. தாளில் இரண்டு பிள்ளையும் ஒன்றுதான். பிறகு டவுன் பிள்ளை நன்றாக எழுதினால், அது பாடசாலையா, அந்த அம்மாவா?

பரிசோதிப்பவர்களையும் கேட்க வேண்டும். கொலராடோ மையத்தின் பரிசோதனைகளுக்கு கிரேட் லேக்ஸ் மையம் என்ற அமைப்பு பணம் கொடுக்கிறது, அந்த அமைப்புக்கு ஆசிரியர் சங்கப் பணம் போகிறது. சார்ட்டரை ஆசிரியர் சங்கங்கள் பெரும்பாலும் விரும்புவதில்லை. ஆனால் பண உதவி எங்கிருந்து என்பதை அறிக்கையிலேயே போடுகிறார்கள், கணக்கையும் விரித்து வைக்கிறார்கள். நாம் போட்டுப் பார்க்கலாம். அது எனக்குப் பிடித்தது.

இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் வந்தது, தோட்டப் பாடசாலைகளை அரசு ஏற்றது 1970களில். அதற்குப் பிறகு நம் பிள்ளைகளைப் பற்றி எத்தனை திட்டம், எத்தனை அறிக்கை! படிவத்தோடு வந்தவர்களுக்கு அம்மா ஊற்றிக் கொடுத்த தேநீர் எனக்கு நினைவிருக்கிறது. என்ன எழுதினார்கள் என்று ஒருவரும் திரும்பி வந்து சொல்லவில்லை. கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பீடத்தில் மாணவர் அடைவுகளை அளக்கும் ஆய்வு நிலையம் இருக்கிறது. அவர்கள் எழுதுவதையும் மற்றவர்கள் எழுதுவதையும், சம்பந்தமில்லாத ஒருவர் பரிசோதித்து, நாலு பக்கத்தில் தமிழில், தோட்டத்து அம்மாவுக்குப் புரியும்படி தர வேண்டும். கேட்பது அதிகமா?

பிரின்ட் எடுத்த அந்தப் பரிசோதனையின் முதல் இரண்டு பக்கத்தைத் தமிழில் எழுதிவிட்டேன், இதோ, கொப்பி தெரிகிறதா? அக்கா வாசித்துப் பார்த்து மூன்று இடத்தில் புரியவில்லை என்றார், அதை மாற்ற வேண்டும். அடுத்த கூட்டத்தில் அந்தப் பேச்சாளரிடம் ஒரு பிரதி கொடுப்பேன். 8 நாள் கேள்வியை அக்காவே எழுந்து கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்.