நட்சத்திரம் கேட்காத பந்தி

அவையோருக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு கோயிலில் அன்னதானத்துக்கு 500 ரூபாய் கட்டினேன். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பேர், நட்சத்திரம்?" என்றார்.

"சாப்பாட்டுக்குத்தானே சார்?"

"நட்சத்திரம் சொன்னாத்தான் பலன் உங்களுக்குச் சேரும்."

பேனா ரசீதின் மேல் நின்றுகொண்டிருந்தது. எதற்கு வம்பு என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்த பிறகுதான் உறுத்தியது. பசி யாருடையதோ, வரவு மட்டும் என் பேரில்!

இந்த உறுத்தல் நமக்குப் பழசு. 'இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம்' என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பவனுக்கு, புறநானூற்றின் 134ஆம் பாட்டில் புலவர் முடமோசியார் ஒரு பேர் வைக்கிறார்: அறவிலை வணிகன். தான் பாடும் வள்ளல் ஆய் அண்டிரன் அந்த வியாபாரி அல்லன், சான்றோர் போன வழி என்பதற்காகக் கொடுக்கிறவன் என்கிறார்.

வள்ளுவர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். 'மேலுலகம் இல்லெனினும் ஈதலே நன்று.' 222ஆம் குறள். இங்கே பரிமேலழகர் படும் பாட்டைப் பார்க்க வேண்டும். கொடுத்தவர்க்கு மேலுலகம் இல்லை என்பார் இருந்தாலும் கொடுப்பதே நல்லது என்று உரை எழுதுகிறார். அதோடு நிற்கவில்லை, அந்த 'எனினும்' என்ற சொல், அப்படிச் சொல்பவர் யாரும் இல்லை என்பதைக் காட்டுகிறதாம்! வள்ளுவர் கதவைத் திறந்து வைக்கிறார், உரைகாரர் பின்னாலேயே வந்து மெதுவாகச் சாத்துகிறார். எனக்கு வள்ளுவர் கட்சிதான்.

சரி, அப்படியானால் ஈகைக்கும் மதத்துக்கும் பேச்சே இல்லையா? இருக்கிறது. அதற்கு வடலூருக்குப் போக வேண்டும்.

பசி அவனவன் வினைப்பயன், கடவுள் விதித்த தண்டனை. அதில் நாம் குறுக்கே போகலாமா? வினைக்கொள்கையை நம்புகிற எவரையும் மடக்கும் கேள்வி இது. வள்ளலார் 'ஜீவகாருண்ய ஒழுக்க'த்தில் இதை நேராகவே எடுத்துக்கொள்கிறார். சிறையில் கிடக்கும் பெரிய குற்றவாளிக்கும் அரசன் தன் சேவகரை விட்டுச் சோறு போடச் சொல்கிறான் அல்லவா என்கிறார். தண்டனை வேறு, பட்டினி வேறு. அப்புறம், எல்லா உயிரும் ஒரே கடவுளின் படைப்பு, ஆகவே உடன்பிறப்பு. உடன்பிறந்தவன் துன்பப்பட்டால் மனம் உருகுவது உரிமை என்கிறார். பலன் என்ற இடத்தில் உறவை வைக்கிறது இந்த வாதம். மதம் ஈகைக்குச் செய்த பெரிய உதவி இதுதான் என்று எனக்குப் படுகிறது.

ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: வள்ளலாரும் பலன் சொல்கிறார். பசித்தவருக்குச் சோறு போட்டால் தீராத நோய் தீரும், பிள்ளை இல்லாதவருக்குப் பிள்ளை பிறக்கும் என்றெல்லாம் எழுதியிருக்கிறார். ஊரில் அரிசி மூட்டை எப்படி நகரும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

1867 மே 23 அன்று வடலூரில் தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பை 'அணையா அடுப்பு' என்கிறோம். அங்கே பந்தியில் உட்காருகிறவரிடம் சாதியும் கேட்பதில்லை, மதமும் கேட்பதில்லை.

என் 500 ரூபாய் ரசீது, நட்சத்திரத்தோடு, இன்னும் பர்ஸில்தான் இருக்கிறது. கிழித்துப் போட இரண்டு தடவை எடுத்தேன். மனசு வரவில்லை.