ஓய்வு நாளில் கால் ஏன் கனக்கிறது?

[காட்சி: விடியற்காலை. கதவோரம் ஒரு ஜோடி ஓட்டக் காலணி. யாரும் எடுக்கவில்லை.]

வாரத்துக்கு 60 கிலோமீட்டர் ஓடிப் பழகிய உடம்பு. இப்போது சில நாள் ஓய்வு. மூன்றாம் நாள் காலையில் துள்ளி எழுவோம் என்று பார்த்தால், மாடிப்படி ஏறவே தொடை கனக்கிறது. பாதி ஏறுவதற்குள் கை தானாகக் கைப்பிடியைத் தேடுகிறது. மத்தியானம் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகுகிறது. ஓடின நாட்களில்கூட இப்படி இல்லையே!

இந்த இடத்தில்தான் பலர் பயந்துபோய், ஓய்வைப் பாதியில் விட்டுவிட்டு மறுபடி ஓடக் கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

[காட்சி: இரண்டு கோடுகள். ஒன்று சட்டென்று சரிகிறது, மற்றது மெல்ல இறங்குகிறது.]

1975இல் உடற்பயிற்சி ஆய்வாளர் எரிக் பானிஸ்டரும் அவருடைய குழுவினரும் ஒரு கணக்கை முன்வைத்தார்கள். ஒவ்வொரு பயிற்சியும் உடம்பில் இரண்டைச் சேர்க்கிறது: தெம்பு, அசதி. அசதி சீக்கிரம் வடியும், தெம்பு மெதுவாகத்தான் வடியும். இந்தக் கணக்கில் வழக்கமாகப் போடும் எண்களின்படி, அசதி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைய 7 நாள் ஆகும். தெம்பு அதே அளவு குறைய 42 நாள். ஆளுக்கு ஆள் இது மாறும் என்றாலும், மூன்றாம் நாளுக்குப் போட்டுப் பாருங்கள். தெம்பில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அப்படியே இருக்கிறது. அசதியிலும் பாதிக்கு மேல் இன்னும் வெளியேறவில்லை.

அப்படியானால் ஓடின நாட்களில் அது ஏன் தெரியவில்லை? ஓடும்போது அட்ரினலின் ஏறுகிறது, உடம்பு சூடாகிறது, தசைகளுக்கு ரத்தம் பாய்கிறது. அசதி அடியில் கிடந்தாலும் மேலே தெரியாது. ஓட்டம் நின்றதும் அது வெளியே வருகிறது. தசைவலியும் உடனே வருவதில்லை. நீண்ட ஓட்டம் முடிந்து ஒன்று முதல் மூன்று நாளுக்குள்தான் உச்சத்தைத் தொடும். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் செய்த வேலைக்கு புதன்கிழமை ஓய்வைத் திட்டுகிறோம்.

[காட்சி: எடை பார்க்கும் கருவி. எண் ஒன்றரை கிலோ கூடுகிறது.]

இதைப் பார்த்துத்தான் நிறைய பேர் மனம் உடைகிறார்கள். ஓடுவதை நிறுத்தியதும் எடை கூடிவிட்டதே என்று சாப்பாட்டைக் குறைக்கிறார்கள். நடப்பது என்னவென்றால், காலியான தசைகள் கிளைக்கோஜனை, அதாவது மாவுச்சத்துச் சேமிப்பை, மறுபடி நிரப்பிக்கொள்கின்றன. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் உள்ளே தங்கும். 300 கிராம் சேர்ந்தால் 900 கிராம் தண்ணீரும் சேர்த்து, ஒரு கிலோவுக்கு மேல் எடை ஏறிவிடும். கால் உப்பினாற்போல, மதமதவென்று இருக்கும். அது கொழுப்பு இல்லை, அடுத்த நீண்ட ஓட்டத்துக்கான எரிபொருள். அந்த நேரத்தில் பட்டினி கிடந்தால் பழுது பார்க்க வந்தவனைக் கூலி கொடுக்காமல் அனுப்புவது போலத்தான்.

மனசும் சேர்ந்து சோர்வதுண்டு. தினமும் ஓடிப் பழகியவருக்கு ஓட்டம் இல்லாத நாளில் எரிச்சல் வரும், தூக்கம் கெடும். சில நாளில் சரியாகிவிடும்.

சரி, என்ன செய்யலாம்? முழுக்கப் படுத்துக் கிடக்க வேண்டியதில்லை. காய்ச்சலோ காயமோ இல்லையென்றால் அரை மணி நேரம் நிதானமாக நடங்கள். ஓய்வின் கடைசி நாட்களில் பத்து நிமிடம் மெல்ல ஓடி, அப்புறம் 20 விநாடி வேக ஓட்டம் நாலு தடவை, நடுவில் நன்றாக மூச்சு வாங்க இடைவெளி. கால் விழித்துக்கொள்ளும். போட்டிக்கு முந்தைய ஓய்வு என்றால், 2007இல் விளையாட்டு அறிவியல் ஆய்வாளர் லோரான் பொஸ்கேயின் குழு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னது இது: சுமார் 2 வாரம், ஓடும் அளவை 41 முதல் 60 சதவீதம் வரை குறைப்பது, வேகத்தையும் எத்தனை நாள் ஓடுகிறோம் என்பதையும் குறைக்காமல் விடுவது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தூரத்தைக் குறைக்க மனம் வராமல் வேகத்தை மட்டும் விட்டுவிடுகிறார்கள். கால் மந்தமாவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

இரண்டு வாரம் ஓய்வெடுத்தும் அசதி தீரவில்லை, காலையில் எழுந்ததும் பார்க்கும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிட உயர்ந்தே நிற்கிறது, எடை காரணமில்லாமல் இறங்குகிறது, மாதவிடாய் தள்ளிப்போகிறது. இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். இரும்புச்சத்தையும் தைராய்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

[காட்சி: அதே காலணி. இப்போது நாடாவை முடிச்சுப் போடும் கைகள்.]

திரும்பி ஓடும் முதல் நாள் பற்றி ஒரு வார்த்தை. அன்று வழக்கமான வேகத்திலேயே இதயம் சில துடிப்பு கூடுதலாக அடிக்கும், மூச்சு வாங்கும். பயிற்சியால் கூடியிருந்த ரத்தத்தின் நீர்ப்பகுதி, அதாவது பிளாஸ்மா, ஓய்வில் சீக்கிரமே குறைந்துவிடும். ஒரு தடவைக்கு இதயம் தள்ளும் ரத்தம் குறைவதால் அது அடிக்கடி அடிக்க வேண்டியிருக்கிறது. சீக்கிரம் குறைந்த இந்தப் பிளாஸ்மா சீக்கிரமே ஏறியும் விடும், ஒரு வார ஓட்டம் போதும். அதனால் அந்த முதல் ஓட்டத்துக்குக் கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம், முப்பது நிமிடம்.