மயக்கமா, மனத்திண்மையா?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, விடுமுறை நாளிலும் சமூக மன்றத்துக்கு வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, இளையர்களே, வணக்கம்.

'மாயக்கதைகளும் ரசிகர் மாநாடுகளும் இளையருக்குத் தருவது மயக்கமா, மனத்திண்மையா?' என்பது தலைப்பு. மனத்திண்மையே என்று வாதாட வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் மூன்று கேள்விகளை வைத்துவிட்டுப் போனார். மாயக்கதை படிப்பவன் வாழ்க்கையை விட்டு ஓடுகிறான் அல்லவா? கதைமாந்தர் வேடம் கட்டிக்கொண்டு சன்டெக் மாநாட்டு மண்டபத்தில் சுற்றுவதில் என்ன அறம்? அந்தக் காசை நல்ல காரியத்துக்குக் கொடுத்தால் என்ன? அவருக்குப் பின் வந்த அம்மா இன்னொன்றும் கேட்டார்: நம் இலக்கியத்தில் இல்லாத எதைத் தேடி அங்கே போகிறார்கள்?

வேடத்திலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு போர்வீரனின் மார்புக்கவசம் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். உடம்பைச் சுற்றி உணவு மூடும் நெகிழித்தாளைச் சுற்றி, அதன்மேல் காகித டேப் ஒட்டி, கோடு வரைந்து, வெட்டி எடுத்தால் அதுதான் அச்சு. அதை ஈவிஏ ஃபோம் என்ற மெத்தென்ற நுரைத் தகட்டில் வைத்து வெட்ட வேண்டும். மார்புக்கு 5 மில்லிமீட்டர், தோளில் பருமனாகத் தெரிய வேண்டிய இடத்துக்கு 10, ஓரப் பட்டைக்கு 2. கத்தி மழுங்கினால் ஃபோம் வெட்டுப்படாது, பிய்ந்துபோகும். பிறகு சூடான காற்றை வீசும் ஹீட் கன்னால் மேற்பரப்பு முழுவதும் லேசாக மினுங்கும்வரை சூடு காட்ட வேண்டும். அப்போதுதான் அதன் துளைகள் மூடும். அந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்களின் கவசம் எத்தனை முறை வண்ணம் பூசினாலும் குடித்துக்கொண்டே இருக்கும். அடுத்து காண்டாக்ட் சிமெண்ட் என்ற பசை. ஒட்ட வேண்டிய இரண்டு விளிம்பிலும் மெல்லப் பூசி, விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை, ஏறத்தாழ பத்து நிமிடம், சும்மா இருக்க வேண்டும். ஈரத்தோடு அவசரப்பட்டு அழுத்தினால் அப்போதைக்குப் பிடித்ததுபோல் தெரியும். மறுநாள் காலையில் வாய் பிளந்து நிற்கும். சன்னலைத் திறந்து வைத்து, வாயுவடிகட்டி முகமூடி போட்டுக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதன்மேல் வளைந்துகொடுக்கும் பூச்சு மூன்று நான்கு தடவை. நவம்பர், டிசம்பர் மழையில் நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு ஒவ்வொரு பூச்சும் காய நேரம் பிடிக்கும். காய்வதற்குள் அடுத்ததைப் பூசினால் கவசம் முழுவதும் பிசுபிசுப்பு.

இதை ஒரு பதினேழு வயதுப் பிள்ளை பல வாரம் பொறுத்துச் செய்கிறது, நடுவர் அவர்களே. பசையிடம் சாக்குப்போக்கு செல்லாது. பொறுமை நல்லது என்று சொல்லித்தருகிறோம். பொறுக்காவிட்டால் என்ன ஆகும் என்று அந்த வாய் பிளந்த விளிம்பு காட்டித்தருகிறது.

சரி, மாநாட்டு நாள். சிட்டி ஹால் நிலையத்தில் இறங்கி, வெயிலும் மழையும் படாத நிலத்தடிப் பாதையில் சன்டெக் வரை நடந்தாகிவிட்டது. வாசலில் வாளையும் கோலையும் சோதிப்பார்கள். கூர்முனையோ உலோக அலகோ இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். உள்ளே போன அரைமணியில் தோள்பட்டை வார் அறுந்து, கவசம் ஒருபக்கம் சரிகிறது. அப்போது என்ன நடக்கும்? முன்பின் தெரியாத ஒருவர் தரையில் உட்கார்ந்து பையைத் திறப்பார். ஊக்கு, கருப்பு நூலும் வெள்ளை நூலும், இருபுறமும் ஒட்டும் டேப், இழுத்தால் இறுகும் நெகிழிப் பட்டையான கேபிள் டை, சின்னக் குப்பியில் பசை, காலில் கொப்புளம் வந்தால் ஒட்ட பிளாஸ்டர். இந்தப் பையை அனுபவப்பட்டவர்கள் எடுத்துவருவது தங்களுக்காக மட்டும் இல்லை. "நிமிர்ந்து நில்லுங்க, அசையாதீங்க" என்று சொல்லி, அறுந்த வாரின் இரு முனையையும் சேர்த்துப் பிடித்து, கேபிள் டையை இறுக்கி, நீட்டிக்கொண்டிருக்கும் வாலைக் கழுத்தில் குத்தாதபடி நறுக்கிவிட்டுத்தான் எழுவார். பெயர்கூடக் கேட்டிருக்கமாட்டார்.

தலைக்கவசம் போட்டவருக்கு ஒரு துணையாள் கூடவே நடப்பார். கவசத்துக்குள் பக்கவாட்டுப் பார்வை கிடையாது, குளிர்சாதன மண்டபத்திலும் உள்ளே உடம்பு வெந்துபோகும். துணையாள் அடிக்கடி உறிஞ்சுகுழலில் தண்ணீர் கொடுப்பார், குறுக்கே குழந்தை வந்தால் நிறுத்துவார். அவரை யாரும் படம் எடுப்பதில்லை. எனக்கு அவர்தான் அந்த மண்டபத்தின் பெரிய வீரர்.

படம் எடுப்பதற்கும் ஒரு நெறி உண்டு. கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். தொடக் கூடாது. குழந்தையென்றால் பெற்றோரிடம் கேட்க வேண்டும். நடைபாதையை அடைக்காமல் ஓரமாக அழைத்துப் போக வேண்டும். இந்த நெறி தானாக வந்துவிடவில்லை. வேடமிட்ட பெண்களிடம் அத்துமீறல்கள் நடந்தன. அவர்கள் வாய்திறந்து பேசினார்கள். 'வேடம் என்பது சம்மதம் அல்ல' என்ற அறிவிப்புப் பலகைகளை 2014-ல் நியூயார்க் மாநாட்டில் பெரிதாக நிறுத்திவைத்தார்கள். ஒரு கூட்டம் தன் தவற்றைப் பார்த்துத் தன்னையே திருத்திக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இப்போது தப்பியோட்டம். 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன், முதல் உலகப் போரில், 1916-ல், பிரான்சின் சோம் போர்க்களத்தின் பதுங்குகுழிகளில் கிடந்து, காய்ச்சல் கண்டு திருப்பி அனுப்பப்பட்டவர். நெருங்கிய நண்பர்களை அந்தப் போரில் பறிகொடுத்தவர். வாழ்க்கை என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாதா? எதிரணித் தலைவரின் இதே கேள்விக்கு அவர் 1939-லேயே ஓர் உரையில் பதில் சொன்னார்: சிறையில் இருப்பவன் வெளியேறி வீடு போக நினைப்பதும், படைவீரன் களத்தை விட்டு ஓடுவதும் ஒன்றல்ல.

அவர் கதையின் முடிவைக் கவனியுங்கள். தீய மோதிரத்தை எரிமலைப் பிளவில் எறிய வேண்டும். அத்தனை துன்பம் பட்டு அங்கே போய்ச் சேர்ந்த ஃப்ரோடோ, கடைசி நொடியில் தோற்கிறான். எறியமாட்டேன் என்று விரலில் மாட்டிக்கொள்கிறான். நாயகனே தோற்ற இடத்தில் உலகம் எப்படிப் பிழைத்தது? கோல்லம் என்ற சீரழிந்த ஒருவன் பாய்ந்து, அந்த விரலைக் கடித்துப் பறித்து, மோதிரத்தோடு தவறி விழுகிறான். அந்தக் கோல்லம் அதுவரை எப்படி உயிரோடு இருந்தான்? ஃப்ரோடோவின் உறவினர் பில்போ ஒருமுறை கொல்லாமல் விட்டார். ஃப்ரோடோ இரங்கினான். அவனை வெறுத்த, ஃப்ரோடோவின் துணைவன் சாம்கூட, மலைச்சரிவில் வாளை ஓங்கியவன், குத்த மனம் வராமல் நின்றான். பலன் தெரிந்து இரங்கியவர் அவர்களில் ஒருவரும் இல்லை. வல்லவன் வெல்வான் என்று மட்டும் கேட்டு வளர்கிற பிள்ளைக்கு, தேர்வில் தோற்று மனமுடைந்து நிற்கிற பிள்ளைக்கு, இந்த முடிவு எவ்வளவு பெரிய துணை! இதை நான் மயக்கம் என்று ஒருக்காலும் ஒப்பமாட்டேன்.

சான்று உண்டா என்று கேட்பீர்கள். இத்தாலியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 34 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஆறு வாரம் ஹாரி பாட்டர் பகுதிகளைப் படித்துப் பேசவைத்தார்கள். ஒரு குழுவுக்குப் பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்தும் பகுதிகள். இன்னொன்றுக்கு வேறு பகுதிகள். முதல் குழுவில் ஹாரியோடு மனம் ஒன்றிய பிள்ளைகளிடம், குடியேறிகள் மீதான பார்வை நல்ல விதமாக மாறியிருந்தது. 34 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதையோடு ஒன்றுவதும், படித்ததைக் கூடிப் பேசுவதும் சேர்ந்திருந்ததைக் கவனியுங்கள். ரசிகர்கள் மாநாட்டில் செய்வதும் அதுதானே?

காசு விஷயத்துக்கு வருகிறேன். கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் பொம்மைக்கு நூற்றுக்கணக்கான வெள்ளியைக் கொட்டுகிறவர்கள் உண்டு. பிள்ளைகளிடம் வரம்பு வைக்கச் சொல்வதில் நானும் எதிரணியோடு நிற்கிறேன். ஆனால் அந்த ரசிகர்கள் கொடுப்பதும் தெரிய வேண்டாமா? 2010-ல் ஹைட்டி நிலநடுக்கத்தின்போது, ஹாரி பாட்டர் ரசிகர்களின் அமைப்பு ஒன்று 1,20,000 அமெரிக்க டாலருக்கு மேல் திரட்டி, ஐந்து விமானங்களில் நிவாரணப் பொருள் அனுப்பியது. அதே அமைப்பு, தங்கள் நாயகன் பெயரில் விற்கும் சாக்லேட்டில் உழைப்புச் சுரண்டல் இருக்கக் கூடாது என்று பல ஆண்டுகள் விடாமல் கேட்டு, 2015-ல் நிறுவனத்தை இணங்கவும் வைத்தது.

கடைசியாக, நம் இலக்கியத்தைப் பற்றிக் கேட்ட அம்மாவுக்கு. மணிமேகலை என்ன கதை, அம்மா? வானில் பறக்க ஒரு மந்திரம், வேற்றுரு எடுக்க ஒரு மந்திரம், பசி தாங்க ஒரு மந்திரம், அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி. இது மாயக்கதை இல்லையா? தன்னை விடாமல் தொடர்ந்த இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்ப மணிமேகலை என்ன செய்தாள்? யானைத்தீ என்ற தீராப் பசிநோயால் வாடிய காயசண்டிகையின் வேடம் பூண்டாள். அந்த வேடத்தோடு ஓடி ஒளிந்தாளா? புகார் நகரத்துச் சிறைக்குள் நுழைந்தாள். பசித்துக் கிடந்தவர்களுக்குச் சோறிட்டாள். செய்தி மன்னனுக்குப் போயிற்று, அழைத்து வரச் சொன்னான். உனக்காக நான் செய்ய வேண்டியது என்ன என்று கேட்டான். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கித் தா என்றாள், அந்த வேடத்தில் நின்றபடியே. மன்னன் ஆக்கித் தந்தான்.

மணி அடித்துவிட்டது. நன்றி, வணக்கம்.