கிரினெல்: மாணவர்களைக் கழித்துக் கணக்குச் சொல்கிறவர்களுக்கு ஒரு பதில்

வணக்கம். காற்று இரைச்சலைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மைக்கின் மேல் மாட்டும் ரோமக் குல்லா காலையில் பறந்துபோய்விட்டது. அதைப் பற்றிப் பிறகு விரிவாகப் புலம்புகிறேன். இந்த ஊரின் மக்கள் தொகையிலிருந்து கல்லூரி மாணவர்களைக் கழிக்கச் சொன்னீர்களே, அதற்கும் பதில் வருகிறது. முதலில் நல்ல செய்தி. என் பின்னால் பாருங்கள். வண்டி இல்லை! வாசலுக்கு முன்னால் ஒரு வண்டிகூட இல்லை!

வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஐயோவா மாநிலத்தின் கிரினெல் ஊரில், நான்காம் அவென்யூவும் பிராட் தெருவும் சந்திக்கும் மூலையில் நிற்கும் இந்த வங்கிக் கட்டிடத்தை முழுசாகப் படமெடுக்க வேண்டும் என்று எவ்வளவு காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! எப்போது வந்தாலும் வாசலை மறைத்து ஏதோ ஒன்று நிற்கும். இன்றைக்கு ஒரு வெள்ளை பிக்கப் வண்டி. உரிமையாளர் வந்தார். அப்பாடா என்றிருந்தது. ஏறி உட்கார்ந்தார். கிளம்பவில்லை. சாண்ட்விச்சைப் பிரித்தார். நான் நடைபாதையில் முக்காலியோடு நிற்கிறேன், அவர் நிதானமாக மெல்லுகிறார். பிறகு சிப்ஸ். பிறகு கைபேசியில் யாருடனோ நீண்ட பேச்சு. கண்ணாடியைத் தட்டிக் கேட்டுவிடலாமா என்று இரண்டடி எடுத்து வைத்தேன், கூச்சமாக இருந்தது, திரும்பிவிட்டேன். கடைசியில் அவரே கையை அசைத்துவிட்டுப் போனார். அவர் போன சூட்டோடு எடுத்ததுதான் இப்போது நீங்கள் பார்ப்பது.

கட்டியவர் லூயிஸ் சல்லிவன். சிகாகோவின் உயர்மாடிக் கட்டிடங்களுக்கு வழிகாட்டியவர், கட்டிடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டுக்குக் குரு. வயதான காலத்தில் பெரிய நகரங்கள் அவரைக் கைவிட்டுவிட்டன. அப்போது வேலை கொடுத்தவை இப்படிப்பட்ட சின்ன ஊர்களின் வங்கிகள்தான். இது 1914-இல் கட்டியது. சுவரைப் பாருங்கள், வெறும் செங்கல் பெட்டி. ஒரே நிறம் என்று தோன்றும், கிட்டப் போனால் ஒவ்வொரு செங்கல்லும் ஒவ்வொரு பழுப்பு. வாசலுக்கு மேலே மட்டும் மனிதர் தன்னை மறந்திருக்கிறார். நடுவில் வட்ட ஜன்னல், அதைச் சுற்றி வட்டமும் சதுரமும் சாய்சதுரமுமாக ஒன்றின் மேல் ஒன்று ஏறிய சுடுமண் வேலைப்பாடு. வாசலின் இரண்டு பக்கமும் சிறகு முளைத்த சிங்கங்கள், கையில் கேடயத்தோடு. இதற்கு முன்னால் போய் வண்டியை நிறுத்துகிறார்களே!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வீடியோவில் இந்த ஊரின் மக்கள் தொகை 9,564 என்று சொன்னேன். 2020 கணக்கெடுப்பு எண் அது. 2010-இல் 9,218. உடனே கிளம்பிவிட்டீர்கள். “கல்லூரி மாணவர்களைக் கழித்துச் சொல்லுங்கள், அவர்கள் இந்த ஊர்க்காரர்களா என்ன?” என்று ஒருவர் ஆரம்பிக்க, மற்றவர்கள் ஆமாம் போட, அன்று இரவு எனக்குத் தூக்கம் கெட்டது. இங்கே இருக்கும் கிரினெல் கல்லூரியில் படிப்பவர்கள் சுமார் 1,700 பேர். ஏறக்குறைய ஆறில் ஒருவர் மாணவர். அவர்களைக் கழித்தால் ஊர் எட்டாயிரத்துக்குக் கீழே இறங்கிவிடும். கழிக்கக் கூடாது என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் சட்டம். அமெரிக்காவில் கல்லூரி மாணவரை, அவர் படிக்கும்போது தங்கியிருக்கும் ஊரில்தான் எண்ண வேண்டும். இது 1950-இல் வந்த விதி. அதற்கு முன்பு பெற்றோர் வீட்டுக் கணக்கில் சேர்த்தார்கள். அதனால்தான் கிரினெலின் பழைய எண்களைப் பார்த்தால் ஓரிடத்தில் தூக்கிப்போடும். 1940-இல் ஐயாயிரத்துச் சொச்சம், 1950-இல் ஏழாயிரத்தை நெருங்கிவிட்டது. பத்தே ஆண்டில் ஊர் இப்படி ஊதியதா? போர் முடிந்து மக்கள் திரும்பியது ஒரு பங்கு. எண்ணும் முறை மாறியது ஒரு பங்கு. இதைக் கவனிக்காமல் “அந்தக் காலத்தில் அபார வளர்ச்சி” என்று வீடியோ போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. யாரென்று பெயர் சொல்ல மாட்டேன்.

2020-இல் இன்னொரு கூத்து. கணக்கெடுப்பு நாள் ஏப்ரல் 1. கொரோனாவால் கல்லூரி மூடி, மாணவர்கள் மூட்டை கட்டிப் போய்விட்டார்கள். விடுதி அறைகள் காலி. ஆனாலும் அவர்களைக் கல்லூரி ஊரிலேயே எண்ண வேண்டும் என்றுதான் விதி சொன்னது. ஆக 9,564 என்ற எண்ணில் அன்றைய தேதியில் ஊரிலேயே இல்லாத பல நூறு பேர் இருக்கிறார்கள். சிரிப்பாக இருக்கிறது அல்லவா? எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி வரலாறு. ஊரை நிறுவியவர் ஜோசையா புஷ்னெல் கிரினெல். வெர்மான்ட்டில் பிறந்த பாதிரியார், அடிமை முறைக்கு எதிரி. குரல் கெட்டிருந்த சமயம். பத்திரிகை ஆசிரியர் ஹோரஸ் கிரீலி, “மேற்கே போ, இளைஞனே” என்று சொன்னது தன்னிடம்தான் என்று இவரே பின்னாளில் எழுதிக்கொண்டார். அந்த வாக்கியத்தைக் கிரீலி சொன்னாரா என்றே சண்டை இருக்கிறது. அதில் நான் நுழையப்போவதில்லை. 1854-இல் இந்தப் புல்வெளியில் ஊரை வரைந்தார். ரயில் பாதை இந்த வழியாகத்தான் வரும் என்று கணக்குப் போட்டு இடம் பிடித்தார். 1863-இல் ரயில் வந்தது.

ரயில் என்றதும் ஞாபகம் வருகிறது, மனைப் பத்திரத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவர் மனை விற்றபோது பத்திரத்தில் ஒரு நிபந்தனை எழுதினார். அந்த இடத்தில் மது விற்றால் மனை கையைவிட்டுப் போய்விடும். இன்றைக்கு இந்தத் தெருவில் நடந்தால் அவர் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

1859 பிப்ரவரியில் ஜான் பிரவுன் இங்கே வந்தார், அடிமை முறையை ஆயுதம் ஏந்தி எதிர்த்தவர். மிசூரியிலிருந்து விடுவித்த அடிமைகளைக் கனடாவுக்கு அழைத்துப் போகும் வழியில் கிரினெல் வீட்டில் தங்கினார். அதே ஆண்டு அக்டோபரில் ஹார்ப்பர்ஸ் ஃபெரி அரசு ஆயுதக் கிடங்கின் மேல் தாக்குதல் நடத்தினார், டிசம்பரில் அவருக்குத் தூக்கு. அப்படிப்பட்டவருக்கு இடம் கொடுத்த கிரினெல், சில ஆண்டுகளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். 1866-இல் கென்டக்கி உறுப்பினர் ரூசோவை அவையில் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டார். ரூசோ நாடாளுமன்றக் கட்டிடத்திலேயே வழிமறித்து, இரும்புப் பூண் போட்ட பிரம்பால் அது உடையும் வரை அடித்தார். அவை ரூசோவைக் கண்டித்தது. ரூசோ பதவி விலகி, தன் காலி இடத்துக்குத் தானே நின்று மறுபடியும் ஜெயித்து வந்தார்! எனக்குக் கிரினெலைப் பிடிக்கும், ஆனால் சும்மா இருக்கத் தெரியாத மனிதர்.

இப்போது முக்கியமான இடம். கல்லூரி இந்த ஊரில் பிறந்ததே அல்ல. 1846-இல் டாவன்போர்ட்டில் ‘ஐயோவா கல்லூரி’ என்று தொடங்கியது. மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். அந்த நகராட்சிக்காரர்கள் கல்லூரி வளாகத்தைக் கிழித்துக்கொண்டு தெரு போடுவேன் என்று பிடிவாதம் பிடித்தார்கள். 1858-இல் கல்லூரி இங்கே வர முடிவெடுத்தது. கிரினெல் கல்லூரி என்று பெயர் வந்தது 1909-இல். இதில் வேடிக்கை, தெருவுக்குப் பயந்து ஓடிவந்த கல்லூரியின் நடுவில் இங்கே ரயில் பாதையே ஓடுகிறது. தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் விடுதி, மறுபக்கம் வகுப்பு. நான் நடந்தபோது சரக்கு ரயில் வந்தது. மாணவர்கள் பேச்சை நிறுத்தி, அது போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தார்கள். என் சேனலில் ரயில் வராத வீடியோ உண்டா?

இப்போது குல்லா கதை. பூங்காவில் உட்கார்ந்து ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு வீச்சு. குல்லா உருண்டு, சாலையைத் தாண்டி, ஒரு லாரிக்கு அடியில் போய், அவ்வளவுதான். போன மாதம் வாங்கியது. எவ்வளவு தெரியுமா? 24 டாலர்! கட்டைவிரல் அளவு பஞ்சு, மேலே கொஞ்சம் செயற்கை ரோமம். “எந்தக் காற்றிலும் கழலாது” என்று அட்டையில் அச்சடித்திருந்தான் அந்தப் புண்ணியவான். கடையின் பெயர் வேண்டாம். 24 டாலருக்கு நல்ல அரிசி மூட்டை ஒன்று வாங்கியிருக்கலாம். இப்போது ஒரு காலுறையைக் கத்தரித்து மாட்டியிருக்கிறேன். துவைத்ததுதான், கவலைப்படாதீர்கள்.

ஐயோவாவில் காற்றைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். 1882 ஜூன் 17 இரவு இந்த ஊரின் மேல் ஒரு சுழற்காற்று இறங்கியது. ஊரில் முப்பது பேருக்கு மேல் செத்தார்கள். கல்லூரிக் கட்டிடங்கள் தரைமட்டம். டாவன்போர்ட்டிலிருந்து வந்து கால் நூற்றாண்டுகூட ஆகவில்லை. கல்லூரி இத்தோடு கதை முடிந்தது என்று போயிருக்கலாம். ஊரை நிறுவிய அதே கிரினெல் கிழக்கு மாநிலங்களுக்குப் போய்ப் பணம் திரட்டினார். மாணவர்கள் பிறகு தங்கள் ஆண்டு மலருக்கு ‘சைக்ளோன்’ என்றே பெயர் வைத்தார்கள். அந்தக் குறும்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2020 ஆகஸ்ட் 10 அன்றும் ஒரு பெரும் நேர்கோட்டுப் புயல் ஐயோவாவைக் குறுக்காக அறுத்துக்கொண்டு போனது, இந்த ஊருக்கும் அடி விழுந்தது.

மாணவர்கள் ஊர்க்காரர்களா என்று கேட்டீர்களே, ராபர்ட் நாய்ஸைக் கேளுங்கள். அப்பா பாதிரியார், 1940-இல் குடும்பம் இங்கே வந்தது. பையன் இந்த ஊரிலேயே பள்ளி, இந்த ஊரிலேயே கல்லூரி. 1948-இல் விடுதியில் ஹவாய் பாணி விருந்து. பன்றி வேண்டும். நாய்ஸ் மேயரின் பண்ணையிலிருந்து ஒரு குட்டியைத் தூக்கிவிட்டார்! விவசாய மாநிலத்தில் கால்நடைத் திருட்டு விளையாட்டுக் குற்றம் அல்ல. ஒரு பருவம் கல்லூரியிலிருந்து நீக்கினார்கள். முழுசாக வெளியேற்றாமல் காப்பாற்றியவர்களில் இயற்பியல் பேராசிரியர் கிராண்ட் கேல் முக்கியமானவர். இதே கேல்தான், டிரான்சிஸ்டர் புதிதாக வந்த காலத்தில், அதைக் கண்டுபிடித்த பெல் ஆய்வகத்தின் தொடர்புகள் மூலம் வரவழைத்து வகுப்பில் காட்டினார். சோளக்காட்டு நடுவில் ஒரு சின்னக் கல்லூரியில்! நாய்ஸ் 1949-இல் பட்டம் வாங்கினார். பத்து ஆண்டு கழித்து, இன்றைய கணினிச் சிப்புகளுக்கு அடிப்படையான ஒருங்கிணைந்த மின்சுற்றை உருவாக்கியவர்களில் ஒருவர் ஆனார். 1968-இல் கார்டன் மூருடன் சேர்ந்து இன்டெல் சிப் நிறுவனத்தைத் தொடங்கினார்.

அந்த இன்டெல் தொடங்கியபோது முதல் பணம் போட்டவர்களில் இந்தக் கல்லூரியும் உண்டு. கல்லூரி ஒரு லட்சம் டாலர், அறங்காவலர்கள் இருவர் ஆளுக்கு ஒரு லட்சம். அந்த இருவரில் ஒருவர் ஐயோவா தலைநகர் டி மொய்னின் வணிகர் ஜோசப் ரோசன்ஃபீல்ட், இங்கே படித்தவர். முதலீட்டாளர் வாரன் பஃபெட்டை அறங்காவலர் குழுவுக்கு இழுத்து வந்தவரும் அவர்தான். 1976-இல் ஒஹாயோவின் டேட்டன் நகரத்துத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றைக் கல்லூரி 1.29 கோடி டாலருக்கு வாங்கி, 1981-இல் சுமார் 5 கோடிக்கு விற்றது. இன்று இந்தக் கல்லூரியின் முதலீட்டு நிதி 200 கோடி டாலருக்கு மேல். பன்றி திருடிய பையனைக் கணக்கிலிருந்து கழிக்கச் சொல்கிறீர்களா?

இன்னொருவர். அவரை முன்பே சொல்லியிருக்க வேண்டும், வண்டிக் கதையில் விட்டுப்போயிற்று. எடித் ரென்ஃப்ரோ ஸ்மித். 1914-இல் இதே ஊரில் பிறந்தவர், தாத்தா பாட்டி அடிமைகளாகப் பிறந்தவர்கள். 1937-இல் இந்தக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண். பிறகு சிகாகோ போய்விட்டார். அங்கே அவர் தெருவில் ஒரு சிறுவன் இருந்தான், ஹெர்பி ஹேன்காக். அவனும் வளர்ந்து இந்தக் கல்லூரிக்கே வந்து படித்து, உலகப் புகழ் ஜாஸ் பியானோக்காரர் ஆனார். கடைவீதியில் கல்லூரி கட்டிய புது விடுதிக்கு ரென்ஃப்ரோ என்றே பெயர். 2024-இல் திறந்தது. கடைத்தெருவிலேயே மாணவர்கள் தூங்கி எழுகிறார்கள், ரொட்டி வாங்குகிறார்கள், தலைமுடி வெட்டிக்கொள்கிறார்கள். எங்கே போய்க் கோடு போட்டுக் கழிப்பீர்கள்?

உள்ளூர்க்காரர்கள் எல்லாரும் கல்லூரியைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பூங்காவில் பக்கத்து பெஞ்சில் இருந்த பெரியவர், “மே மாதம் வரும், மாணவர்கள் போய்விடுவார்கள், நிம்மதியாக வண்டி நிறுத்தலாம்” என்றார். வண்டி நிறுத்துவதில் இந்த ஊருக்கு அப்படி என்ன மோகமோ!

பார்க்கிங் என்றதும் ஒன்று: வங்கிக் கட்டிடத்தில் இப்போது உள்ளூர் வணிகர் சங்க அலுவலகம் இருக்கிறது. கேட்டதும் உள்ளே விட்டார்கள், காசு வாங்கவில்லை. பக்கச் சுவரின் வண்ணக் கண்ணாடி ஜன்னலை உள்ளே இருந்து பாருங்கள், காலை வெயிலில் போங்கள். டி மொய்னிலிருந்து 80-ஆம் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. போகிறவர்கள் தயவுசெய்து வண்டியைப் பூங்காப் பக்கம் நிறுத்துங்கள். குல்லாவை லாரிக்கு அடியில் யாராவது கண்டால் சொல்லுங்கள், சாம்பல் நிறம்.