மோடுகள் மோதும் இடம்

வணக்கம் நேயர்களே. கேமின் உள்ளடக்கத்தை மாற்ற ஆடுபவர்களே செய்யும் கூடுதல் கோப்புதான் மோட். தனியாகப் போட்டால் ஒழுங்காக ஓடுகிற ஒரு மோட், இன்னொன்றோடு சேர்ந்ததும் ஏன் கெட்டுப்போகிறது? கேம்களுக்கு மோட் போட்டு ஆடுகிற எல்லாருக்கும் இந்தக் கேள்வி வரும். தாமே மோட் செய்யத் தொடங்கியவர்களுக்கு அடுத்த கேள்வியும் வரும்: இரண்டு பேருடைய மோடுகள் ஒத்துப்போகும்படி நான் ஒரு கோப்பு தயாரித்தால், அதை வெளியிட எனக்கு உரிமை உண்டா? முன்னது தொழில்நுட்பம், பின்னது அனுமதி என்று இவற்றைத் தனித்தனியாகப் பேசுவதுதான் வழக்கம். ஆனால் மோதலை எந்த வழியில் தீர்க்கிறோம் என்பதைப் பொறுத்தே யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதும் அமைகிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

1993-இல் வந்த டூம் என்ற கேம், தன் படங்களையும் ஒலிகளையும் வரைபடங்களையும் நிரலிலிருந்து பிரித்து வாட் என்ற தனிக் கோப்பில் வைத்தது. அந்த மூலக் கோப்பைத் தொடாமலே நம் கோப்பை அதன்மேல் ஏற்றலாம். ஒரே பெயரில் இரண்டு இருந்தால் பின்னால் ஏறியது எடுபடும். இன்றைக்கும் பெரும்பாலான கேம்களில் மோட் வேலை செய்வது இந்த விதியின்படிதான். மோதல் வருவதும் இதே விதியால்தான்.

2011-இல் வெளியான ஸ்கைரிம் கேமை எடுத்துக்கொள்வோம். மோதலின் எல்லா வகைகளும் அதில் இருக்கின்றன. அங்கே மோதல் இரண்டு தளங்களில் நடக்கிறது. ஒன்று கோப்புத் தளம். ஒரு கதவின் டெக்ஸ்சரை, அதாவது அதன் மேற்பரப்பில் ஒட்டும் படத்தை, இரண்டு மோடுகள் மாற்றுகின்றன. இரண்டிலும் கோப்பின் பெயரும் ஃபோல்டர் பாதையும் ஒன்றே. அப்போது ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும். இதனால் கேம் நின்றுவிடாது. எது வேண்டுமோ அதைப் பின்னால் ஏறும்படி வைத்தால் போதும்.

மோடுகளை நிர்வகிக்கும் மோட் ஆர்கனைசர் மென்பொருளின் இரண்டாம் பதிப்பில் இடப்பக்கப் பட்டியல் இதற்கானது. மின்னல் குறியில் பச்சைக் கூட்டல் இருந்தால் அந்த மோட் வேறொன்றின் கோப்பை மறைக்கிறது. சிவப்புக் கழித்தல் இருந்தால் அதன் கோப்பு மறைக்கப்படுகிறது. இந்த மென்பொருள் எந்தக் கோப்பையும் கேமின் டேட்டா ஃபோல்டருக்குள் கொண்டுபோய்ப் போடுவதில்லை, கேம் ஓடும்போது மட்டும் அங்கே இருப்பதுபோல் காட்டுகிறது. அதனால் ஒரு மோடை நீக்கினால் அடியில் இருந்தது அப்படியே திரும்பக் கிடைக்கும். கையால் காப்பி செய்து ஒட்டுகிறவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. மேலெழுதப்பட்ட கோப்பு போனது போனதுதான்.

இங்கே பலரைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. பிஎஸ்ஏ என்ற பொதிக்குள் அடைத்து வரும் கோப்பைவிட, பொதிக்கு வெளியே தனியாகக் கிடக்கும் கோப்புக்கே கேம் முன்னுரிமை தரும். பொதியாக வரும் மோடின் பிளகினை, அதாவது கேமின் தரவை மாற்றும் கோப்பை, வலப்பக்கப் பட்டியலின் அடிக்குத் தள்ளினாலும், வேறொரு மோடின் தனிக் கோப்பு அதை மறைத்துவிடும். வலப்பக்கத்துப் பிளகின் வரிசையை எத்தனை முறை மாற்றியும் டெக்ஸ்சர் மாறவில்லை என்று தவிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இரண்டாவது, பதிவுத் தளம். பிளகின் என்பது பதிவுகளின் தொகுப்பு. ஒரு வாள், ஒரு ஆள், ஒரு அறை, அறையில் கிடக்கும் ஒரு நாற்காலி என ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு உண்டு. ஒரே பதிவை இரண்டு பிளகின்கள் தொட்டால் கடைசியில் ஏறும் பிளகினின் பதிவு முழுதாக எடுபடும். முழுதாக என்பதைக் கவனியுங்கள். ஒரு மோட் ஒரு வீரனின் உடையை மாற்றுகிறது, இன்னொன்று அவன் திறன் அளவை மட்டும் உயர்த்துகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது பின்னால் ஏறினால் திறன் உயரும், உடை பழையபடி ஆகிவிடும். அந்தப் பதிவில் உடைக்கான இடத்தில் மூலக் கேமின் மதிப்பே இருப்பதுதான் காரணம். பழுது என்று எந்தச் செய்தியும் வராது. புது உடை எங்கே போயிற்று என்று மட்டும் ஆடுபவர் யோசித்துக்கொண்டிருப்பார்.

இந்த இரண்டு தளங்களும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது வருவதுதான் பெயர்பெற்ற கருமுகக் கோளாறு. ஆட்களின் முகம் பிளகினில் பதிவாகவும் இருக்கிறது, முன்கூட்டியே வார்த்த ஒரு மெஷ், அதாவது முப்பரிமாண வடிவக் கோப்பாகவும் இருக்கிறது. பதிவு ஒரு மோடிலிருந்தும் மெஷ் வேறொரு மோடிலிருந்தும் எடுபட்டால் இரண்டும் பொருந்தாமல், உடல் ஒரு நிறமும் முகம் கரிய நிறமுமாக அந்த ஆள் நிற்பார். டெக்ஸ்சரை மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. ஒரே மோட் இரண்டு பக்கமும் எடுபடும்படி, இடப்பக்க வரிசையையும் வலப்பக்க வரிசையையும் ஒத்துப்போகச் செய்ய வேண்டும்.

லூட் என்ற கருவி பிளகின்களை வரிசைப்படுத்தித் தரும். நல்ல கருவிதான். ஆனால் அது பதிவுகளை இணைப்பதில்லை, கோப்பு வரிசையையும் தொடுவதில்லை. வரிசைப்படுத்திவிட்டேன், இனி மோதல் இராது என்று நினைப்பது தவறு.

பதிவு மோதலுக்குச் சரியான மருந்து பேட்ச், அதாவது இரண்டு மோடுகளையும் ஒத்துப்போகச் செய்யும் சிறு பிளகின். எக்ஸ்எடிட் மென்பொருளில் எல்லாப் பிளகின்களையும் ஏற்றி, மோதல்களை மட்டும் காட்டும் வடிகட்டியைப் போடுங்கள். சிவப்புப் பின்னணியில் வருபவை மோதல்கள். எல்லாச் சிவப்பையும் தீர்க்க வேண்டியதில்லை. பல மோதல்கள் மோட் செய்தவர் வேண்டுமென்றே செய்தவை. தீர்க்க வேண்டிய பதிவைப் புதிய பிளகின் ஒன்றுக்குள் ஓவர்ரைடாக, அதாவது மூலப் பதிவின்மேல் எடுபடும் நகலாக, காப்பி செய்து, தோற்றுப்போன மோடின் எந்த மதிப்பு வேண்டுமோ அந்தக் கட்டத்தை மட்டும் இழுத்து அதில் போட்டுச் சேமியுங்கள். அந்தப் பிளகினை இரண்டு மோடுகளுக்கும் பின்னால் வையுங்கள். ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனில் அதற்கு இலகு பிளகின் குறியும் இட்டுவிடுங்கள். பட்டியலில் முழுப் பிளகின்களுக்கு 254 இடங்கள்தான். இலகு பிளகின்கள் எல்லாம் ஒரே இடத்தைப் பங்கிட்டுக்கொண்டு 4096 வரை சேரலாம். கடைச் சரக்கு, பெட்டிக்குள் கிடைக்கும் பொருள் போன்ற பட்டியல்களை இப்படிக் கையால் இணைக்கத் தேவையில்லை. ரை பேஷ் என்ற கருவி உருவாக்கும் தொகுப்புப் பேட்ச் அதைத் தானே செய்யும்.

மோட் செய்பவர்கள் வெளியிடுவதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் செய்ய வேண்டும். எடிட்டரில் ஒரு பொருளைச் சும்மா தொட்டுப் பார்த்தாலே, மாறாத அதன் பதிவு உங்கள் பிளகினுக்குள் வந்து ஒட்டிக்கொள்ளலாம். உங்களுக்கு அது பாதகமில்லை. ஆனால் உங்கள் பிளகின் பின்னால் ஏறினால், வேறொருவர் அந்தப் பொருளில் செய்த மாற்றம் அழிந்து மூல நிலைக்குத் திரும்பிவிடும். அதைவிட மோசமானது, கேமில் இருந்த ஒரு பொருளை அடியோடு அழித்துவைப்பது. இன்னொரு மோட் அந்தப் பொருளைத் தேடிப் போனால் கேம் அங்கேயே மூடிக்கொள்ளக்கூடும். எக்ஸ்எடிட்டின் விரைவுத் துப்புரவு, முதல் வகையை நீக்கிவிடும். இரண்டாம் வகையை அழிக்காமல் செயலிழக்கச் செய்து மறைத்து வைக்கும்.

கேம் திடீரென்று மூடிக்கொண்டால் எங்கே தேடுவது? முதன்மை மெனு வருவதற்கு முன்பே மூடினால் பெரும்பாலும் தேவையான ஒரு மாஸ்டர் பிளகின், அதாவது வேறொரு பிளகின் நம்பியிருக்கும் மூலப் பிளகின், காணவில்லை. ஒரு அப்டேட்டுக்குப் பிறகு மூடினால் கேமின் நிரலோடு நேரடியாக இணையும் டிஎல்எல் வகை மோடுகளைச் சந்தேகியுங்கள். 2021 நவம்பரில் ஸ்கைரிம் 1.6 பதிப்புக்கு மாறியபோது நிரலின் உள்முகவரிகள் எல்லாம் இடம்பெயர்ந்தன. மோடுகளுக்குக் கூடுதல் வசதி தரும் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் என்ற கருவியும் அதை நம்பிய மோடுகளும் ஒரே நாளில் நின்றன. ஆடும்போது மூடினால் பிளகின்களைப் பாதிப்பாதியாக நிறுத்திப் பாருங்கள். 200 பிளகின்கள் இருந்தாலும் சுமார் 8 சோதனைகளில் குற்றவாளி அகப்படும். ஒன்றை நிறுத்தும்போது அதைச் சார்ந்தவற்றையும் சேர்த்து நிறுத்த வேண்டும். சோதனையைப் புது ஆட்டத்தில்தான் செய்ய வேண்டும். பழைய சேவ் கோப்பில் நீக்கிய மோடின் ஸ்கிரிப்டுகள் தங்கியிருந்து விடையைக் குழப்பும்.

எல்லா கேமிலும் இந்தத் துன்பம் ஒரே அளவில் இல்லை. ஸ்டார்டியூ வேலி என்ற கேமில் கன்டென்ட் பேட்சர் என்ற அமைப்பு, ஒரு கோப்பை முழுதாக மாற்றும் கட்டளையையும் அதில் ஒரு பகுதியை மட்டும் திருத்தும் கட்டளையையும் பிரித்து வைத்திருக்கிறது. திருத்துகிற மோடுகள் பத்து சேர்ந்தாலும், ஒரே கட்டத்தைத் தொடாதவரை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தும். முழுக் கோப்பையும் மாற்றுகிறவை இரண்டு சேர்ந்தால்தான் சண்டை. மோட் செய்யப் பழகுபவர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான்: தேவையான அளவை மட்டும் தொடுங்கள்.

இங்கேதான் அனுமதி வருகிறது. நான் சொன்ன எக்ஸ்எடிட் பேட்ச், சில கிலோபைட் அளவுள்ள பதிவுகளின் தொகுப்பு. இரண்டு மூல மோடுகளையும் அது மாஸ்டராகக் கேட்கும். அவை இல்லாமல் ஓடாது. வேண்டுகிறவர் மூல ஆசிரியரின் பக்கத்துக்கே போய்த்தான் அவற்றை இறக்க வேண்டும். யாருடைய மெஷ்ஷும் டெக்ஸ்சரும் அதில் இல்லாததால், பல ஆசிரியர்கள் இத்தகைய பேட்சுக்குத் தாராளமாக இடம் தருகிறார்கள். இருந்தாலும் அனுமதிக் குறிப்பைப் படித்துவிடுவதே முறை. கருமுகக் கோளாறுக்குப் பேட்ச் செய்யும்போது நிலைமை மாறுகிறது. இரண்டு மோடுகளின் முகங்களைக் கலந்து புது மெஷ் வார்த்தால், வேறொருவரின் உழைப்பு உங்கள் கோப்புக்குள் வந்துவிடுகிறது. திருத்திய ஸ்கிரிப்டும் அப்படித்தான். அங்கே எழுத்தில் அனுமதி வேண்டும். குறிப்பு எதுவும் இல்லையென்றால் அனுமதி இல்லை என்றே பொருள். இலவசமாகக் கிடைப்பதால் உரிமை நமக்கு வந்துவிடாது.

அனுமதி ஒரே ஒரு கேள்வியும் அல்ல. வேறு தளத்தில் ஏற்றலாமா, திருத்தி வெளியிடலாமா, வேறு பதிப்புக்கு மாற்றலாமா, உள்ளிருக்கும் பொருள்களை எடுத்தாளலாமா, கன்சோலுக்குக் கொண்டுபோகலாமா, பணம் பெறலாமா என்று ஒவ்வொன்றும் தனி. இவற்றைக் கலந்துகொண்டதால் வந்த சச்சரவுகள் பல. 2015 ஏப்ரலில் ஸ்டீம் தளத்தில் ஸ்கைரிம் மோடுகளை விலைக்கு விற்கும் திட்டம் வந்தது. விற்பனையில் ஆசிரியருக்கு 25 விழுக்காடு. மீன்பிடி மோட் ஒன்று, வேறொருவர் இலவசமாகத் தந்திருந்த அனிமேஷன் கருவியைச் சார்ந்திருந்ததால் பிரச்சினையாகி விற்பனையிலிருந்து இறங்கியது. இலவசப் பயன்பாட்டுக்கு இருந்த சம்மதம் விற்பனைக்கு நீளவில்லை. சில நாட்களில் திட்டமே கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு ஃபால்அவுட் 4-க்குக் கன்சோல் மோடுகள் வந்தபோது, கணினிக்காக வெளியிட்டிருந்த மோடுகளை யார் யாரோ எடுத்துத் தம் பெயரில் ஏற்றினார்கள். உழைத்தவர்களின் கோபம் முற்றிலும் நியாயமானது.

நிரல் எழுதுகிறவர்கள் 2014-ஐ நினைவில் வைக்க வேண்டும். மைன்கிராஃப்ட் சர்வர்கள் பலவற்றுக்கு அடிப்படையாக இருந்த கிராஃப்ட்புக்கிட், ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் எழுதிய நிரலையும் மைன்கிராஃப்டின் மூடிய நிரலையும் ஒரே கோப்பில் விநியோகித்தது. அதில் பங்களித்த ஒருவர் பதிப்புரிமை அறிவிப்பு கொடுத்தார், விநியோகம் நின்றுபோனது. எந்த உரிமத்தில் உள்ள நிரலோடு எதைச் சேர்க்கலாம் என்பதை முதல் வரி எழுதும்போதே பார்த்துவிட வேண்டும்.

பல மோடுகளைச் சேர்த்துத் தரும் தொகுப்புகள் இந்த அனுமதிச் சிக்கலுக்கு நல்ல வழி ஒன்றைக் காட்டின. வபாஜாக் போன்ற கருவிகள் மோடுகளை ஒன்றாகக் கட்டிப் பகிர்வதில்லை. எந்தக் கோப்பு, எந்தப் பதிப்பு, எங்கே கிடைக்கும், எப்படி அடுக்க வேண்டும் என்ற குறிப்பை மட்டும் பகிர்கின்றன. ஒவ்வொரு கோப்பும் ஆசிரியரின் பக்கத்திலிருந்தே இறங்குகிறது. ஆனால் ஆசிரியர் பழைய பதிப்பை நீக்கினால் பட்டியல் உடையும். 2021-இல், மோடுகளைப் பகிரும் நெக்ஸஸ் மோட்ஸ் தளம், இனி கோப்புகளை முற்றாக அழிக்க முடியாது, காப்பகத்தில் வைக்க மட்டுமே முடியும் என்று அறிவித்தது. ஒப்பாதவர்கள் தம் கோப்புகளை நீக்கச் சொல்ல ஒரு மாத அவகாசம் தந்தது. சிலர் நீக்கிக்கொண்டு வெளியேறினார்கள். ஆடுபவர்களுக்கு இதனால் நன்மை உண்டு. ஆனாலும் தான் செய்ததைத் திரும்ப எடுக்கும் உரிமையை ஆசிரியர் இழந்தது சிறிய விஷயமில்லை என்பது என் எண்ணம்.

நீங்கள் மோட் வெளியிடும்போது அனுமதியைத் தளத்தின் பொத்தான்களில் மட்டும் குறித்துவிட்டு விடாதீர்கள். கோப்புக்குள்ளேயே ஒரு குறிப்பாகவும் எழுதி வையுங்கள். உங்கள் மோடில் பிறருடைய பொருள் இருந்தால் எது யாருடையது என்று கோப்புப் பாதையோடு சொல்லுங்கள். அவர் உங்களுக்குத் தந்த அனுமதியை நீங்கள் மூன்றாமவருக்குத் தர முடியாது. பின்னாளில் நீங்கள் இந்தப் பக்கமே வராமல் போகலாம். 30 நாட்களில் நான் பதில் தராவிட்டால் திருத்தி வெளியிடலாம் என்று ஒரு வரி இருந்தால், கேமின் அடுத்த அப்டேட்டில் உடைகிற உங்கள் மோடை யாராவது காப்பாற்றுவார்கள். அந்த வரி இல்லாததால் கைவிடப்பட்ட அருமையான மோடுகள் ஏராளம்.

அனுமதி கேட்டு எழுதும்போது எந்தக் கோப்பு, எதற்காக, எந்தத் தளத்தில், பணம் உண்டா இல்லையா என்ற நான்கையும் முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். வந்த பதிலைத் தேதியோடு சேமித்து வையுங்கள். மறுத்துவிட்டால் அந்தக் கோப்பை உங்கள் பேட்சிலிருந்து எடுத்துவிடுங்கள். பதிவுகள் மட்டும் உள்ள பகுதியைத் தனியாக வெளியிட முடியுமா என்று பாருங்கள். மெஷ்ஷையோ முகத்தையோ ஆடுபவர் தம் கணினியிலேயே தயாரித்துக்கொள்ளும்படி, எந்த மென்பொருளில் எதைத் திறந்து எங்கே சேமிப்பது என்ற செய்முறையைப் படிப்படியாக எழுதி அதோடு வையுங்கள். அப்போது பகிரப்படுவது நீங்கள் எழுதிய செய்முறை மட்டுமே. மறுத்தவரின் கோப்பு அவருடைய பக்கத்திலேயே இருக்கும். நன்றி, வணக்கம்.