டம்ளர் தண்ணீரும் தரைவிரிப்பும்

நேயர்களுக்கு வணக்கம்.

என் கடையில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் இருக்கும். குடிப்பதற்கு இல்லை. புதிதாக வருகிறவர்கள் சிலர் எடுத்துக் குடிக்கவும் போயிருக்கிறார்கள்! அது நூல் பார்க்கிற தண்ணீர். ஈரோட்டில் விரிப்பு வியாபாரத்தில் எனக்கு 32 வருஷம் ஆகிறது. வீட்டுக்கு விரிப்பு வாங்குகிறவர்களுக்கு உதவியாக ஏதாவது பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டபோது, அந்த டம்ளர்தான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது.

கடைக்கு வருகிறவர்கள் முதலில் கலரைப் பார்க்கிறார்கள். அடுத்து விலை. பிறகு உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, "மெத்துனு இருக்குதுங்க, இதையே போட்டுருங்க" என்கிறார்கள். இது என்ன நூல் என்று கேட்கிறவர் நூற்றுக்கு ஒருவர் இருந்தால் அதிசயம். நான் கேட்கச் சொல்வது இன்னும் ஒரு படி மேலே. இந்த நூலில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும்?

ஏன் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்றால், நம் வீடுகள் அப்படி. தினமும் தரை துடைக்கிறோம். குளித்துவிட்டு ஈரக்காலோடு கூடத்தைக் கடக்கிறோம். ஐப்பசி மழையில் செருப்பை வெளியே விட்டாலும் சேறு உள்ளே வந்துவிடுகிறது. கம்பளம் என்பது குளிரும் வறட்சியும் உள்ள ஊர்களில், ஆடு மேய்த்தவர்கள் அந்த ஆட்டு உரோமத்திலேயே நெய்துகொண்டது. நம் பக்கம் உருவானது பாயும் ஜமக்காளமும். காலையில் சுருட்டலாம், உதறலாம், வெயிலில் போடலாம்.

ஜமக்காளத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். எங்களுக்குப் பக்கத்தில், காவிரியும் பவானி ஆறும் கூடுகிற பவானியில் நெய்வது. புவிசார் குறியீடு வாங்கியது. தடிமனான பருத்தி நூல், சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பட்டை பட்டையாக ஓடும். நெசவாளர் குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்து மிதிக்கிற தறி. கம்பளத்தில் போல மேலே நிற்கிற இழை எதுவும் இதில் கிடையாது, இரண்டு பக்கமும் ஒன்றேதான். அதனால் ஒரு பக்கம் கறையானால் திருப்பிப் போட்டுவிட்டு விருந்தாளியை உட்காரச் சொல்லலாம்.

பருத்தி தண்ணீரை நன்றாகக் குடிக்கும். ஆனால் அதற்கு ஒரு விசேஷம் உண்டு. நனைந்த பருத்தி நூல், காய்ந்த நூலைவிட உறுதியாக இருக்கும். ஆற்றங்கரையில் கல்லில் அடித்துத் துவைத்தும் ஜமக்காளம் தாங்குவது அதனால்தான். தொல்லை எங்கே என்றால் காயவைப்பதில். நனைந்த பெரிய ஜமக்காளத்தைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், மழைக்காலத்தில் இரண்டு நாள் ஆனாலும் முழுசாகக் காயாது, அரைகுறையாகச் சுருட்டினால் முடைநாற்றம். வாங்கும்போது ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, சிவப்புப் பட்டை மேல் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டையில் சிவப்பு இறங்கினால் முதல் சலவையில் உங்கள் வேட்டியிலும் இறங்கும்.

பளபளப்பைக் கண்டு ஏமாந்த என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வெளியூர் வியாபாரி ஒருவரிடம் தந்த நிறத்தில் ஒரு விரிப்பு வாங்கினேன். தொட்டால் வழுக்கும், பட்டு மாதிரி மின்னும். கடையில் விற்க மனசு வராமல் வீட்டுக்கே கொண்டுபோய்க் கூடத்தில் போட்டேன். பத்தாம் நாள் பேரன் காபியைக் கொட்டினான். வீட்டம்மா ஈரத்துணியும் பிரஷ்ஷும் வைத்து நன்றாகத் தேய்த்தார். மறுநாள் பார்த்தால் அந்த இடம் மஞ்சள் பாரித்து, கன்றுக்குட்டி நக்கிய முடிபோல விறைத்து நிற்கிறது. அது விஸ்கோஸ். மரக்கூழிலிருந்து எடுக்கிற நூல். ஆர்ட் சில்க், பேம்பூ சில்க் என்று வாயினிக்கச் சொல்லி விற்பதில் பெரும்பாலும் இதுதான். தண்ணீரில் நனைந்ததும் இதன் பலம் பாதிக்குப் பாதி போய்விடும், தேய்த்தால் இழை முறிந்துவிடும். வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவன் என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு வந்த கதி இது. இந்த நூல் சுவரில் மாட்ட நல்லது. தரைக்கு வேண்டவே வேண்டாம்.

இப்போது டம்ளருக்கு வருகிறேன். இன்றைக்குக் கடைத்தெருவில் குறைந்த விலைக்குக் கிடைக்கிற பூப்போட்ட கம்பளங்களில் பெரும்பகுதி பாலிப்ரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக் நூல். கம்பளத்தின் ஓரத்திலிருந்து நாலு இழை பிய்த்து டம்ளரில் போடுங்கள். விரலால் தண்ணீருக்குள் அமுக்கி, ஒட்டிய காற்றுக் குமிழ் போகும்படி நசுக்கிவிட்டு விடுங்கள். குபுக்கென்று மேலே வந்தால் பாலிப்ரொப்பிலீன்தான். அது தண்ணீரைவிட எடை குறைந்தது. நைலான், பாலியெஸ்டர், பருத்தி, கம்பளி எல்லாம் அடியில் போய்ப் படுத்துவிடும்.

இந்த நூல் தண்ணீரைத் தொடுவதே இல்லை. காபி கொட்டினால் மேலேயே நிற்கும், ஒற்றி எடுத்துவிடலாம். நூலாக இழுப்பதற்கு முன்பே உருகிய நிலையில் நிறத்தைக் கலந்துவிடுவதால் சாயம் போகாது. ஆகா என்று சொல்லத் தோன்றும். ஆனால் தண்ணீரோடு சேராதது எண்ணெயோடு சேரும். தாளித்த கை பட்ட இடம், தலைக்கு எண்ணெய் வைத்துச் சாய்ந்த இடம், இங்கெல்லாம் எண்ணெய் பிடித்து, அதன் மேல் தூசி பிடித்து, கறுத்துவிடும். சூடும் ஆகாது. சுமார் 160 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். கனமான சோபாவைத் தரதரவென்று இழுத்தால், உராய்ந்த சூட்டிலேயே கோடு விழுந்துவிடும். ஊதுவத்திக் கங்கு விழுந்தால் ஓட்டைதான். பூஜை அறைக்குப் போடாதீர்கள். இன்னொன்று, அமுங்கிய இழை எழுந்திருக்காது. ஒரு வருஷத்தில் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒற்றையடிப் பாதை தெரிய ஆரம்பிக்கும். வாடகை வீட்டுக்காரர்களுக்கும், மூன்று வருஷத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்பவர்களுக்கும் நான் இதைத் தாராளமாகச் சொல்வேன்.

எழுந்து நிற்கிற குணம் வேண்டுமானால் நைலான். 1935இல் அமெரிக்காவில் டுபான்ட் ஆய்வுக்கூடத்தில் உருவான இழை. முதலில் கடைக்கு வந்தது பல் துலக்கும் பிரஷ்ஷின் முள்ளாக. மிதித்தாலும் மறுபடி நிமிர்கிற குணம் அன்றைக்கே தெரிந்ததுதான். ஆள் நடமாட்டம் உள்ள இடத்துக்கு இதற்கு மிஞ்சியது இல்லை. விலை கூட. சாயத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும் நூல் என்பதால் மஞ்சள்தூளையும் சாயமாக எண்ணிப் பிடித்துக்கொள்ளும். சாம்பார் சாதம் ஊட்டுகிற வீடுகள் யோசிக்க வேண்டும். கறை தடுப்புப் பூச்சு போட்டதா என்று கேட்டு வாங்குங்கள்.

பாலியெஸ்டரைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. பழைய தண்ணீர் பாட்டில்களை உருக்கியும் இந்த நூல் எடுக்கிறார்கள். வாங்கிய புதிதில் பஞ்சுபோல இருக்கும், போகப் போகப் படிந்துவிடும். படுக்கை ஓரத்துக்குப் போதும்.

கம்பளி விஷயம் தனி. உத்தரப் பிரதேசத்தில் பதோஹி, மிர்சாபூர் பக்கத்திலிருந்து முடிச்சுப் போட்ட கம்பளங்கள் வருகின்றன. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், தொட்டால் ஈரமே தெரியாது. நெருப்புக் கங்கு விழுந்தால் கருகி அணையும், உருகி ஓடாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வீடு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். சமவெளியில் பூச்சி அரிக்கும். கட்டிலுக்கடியில், பீரோவுக்கடியில், வெளிச்சம் படாத இடமாகப் பார்த்து அதன் புழு தின்றுகொண்டிருக்கும். மாதம் ஒருமுறை புரட்டிப்போட்டு வெயில் காட்ட முடியாதவர்களுக்குக் கம்பளி வேண்டாம். சலவை சோடா பக்கத்திலேயே போகக்கூடாது, காரம் கம்பளியைத் தின்றுவிடும். வாங்கிய முதல் சில மாதம் பஞ்சு பஞ்சாக உதிரும். அது பழுதல்ல. "ஏமாத்திட்டீங்க" என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு, அதற்காகச் சொல்கிறேன்.

எந்த நூலானாலும் கடையிலேயே ஒரு காரியம் செய்யுங்கள். கம்பளத்தைப் பின்புறமாக வளையுங்கள். இழைகள் விலகி அடித்துணி பல்லிளித்தால் நெருக்கம் போதாது என்று அர்த்தம். பின்பக்கத்தில் ரப்பர்ப் பால் பூசியிருந்தால் நகத்தால் சுரண்டுங்கள். பொடியாக உதிர்கிறது என்றால் அடுத்த வருஷம் உங்கள் தரையில் உதிரும்.

வாசலுக்குத் தென்னைநார் மிதியடிதான், இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. நாரே முரடு, சேற்றை வழித்து வாங்கிக்கொள்ளும், நனைந்தாலும் சீக்கிரம் மக்காது. கைக்குழந்தைக்குக் கோரைப்பாய். பத்தமடைப் பாய் தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்வது. தண்ணீரில் வளர்ந்த கோரைக்கு, பாயான பிறகு தண்ணீர் ஆகாது. ஈரத்தோடு சுருட்டினால் கரும்புள்ளி விழும். மடித்து வைத்தால் மடித்த கோட்டில் முறியும்.

போன தை மாதம் ஒரு பாட்டியும் பேரனும் வந்தார்கள். புது வீடு கட்டியிருக்கிறார்கள். பேரன் வெளிநாட்டில் பார்த்துவிட்டு வந்திருக்கிறார், சுவருக்குச் சுவர் ஒட்டுகிற கம்பளம் வேண்டுமாம். நானும் துண்டு துண்டாக மாதிரிகளை எடுத்துப் போட்டேன், டம்ளரையும் காட்டினேன். பாட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு துண்டைக் கையில் எடுத்து, "ஏங் கண்ணு, இதை எங்கீடா காயப்போடறது?" என்று கேட்டார். பேரன் என்னைப் பார்த்தார், நான் டம்ளரைப் பார்த்தேன். அன்றைக்கு அவர்கள் வாங்கிப்போனது ஒரு பெரிய ஜமக்காளம், வாசலுக்கு இரண்டு நார் மிதியடி.

வணக்கம்.